ராகு எங்கே, கேது எங்கே: ஜாதகத்தின் நிழல் கிரகங்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

"ஏழில் ராகு." ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது இப்படிச் சொன்னதும் கேட்பவர் முகம் வாடிவிடும். மேற்கொண்டு என்ன கேட்பது என்றும் தெரியாது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ராகு எட்டில். அதைச் சொன்னவர் குரலைத் தாழ்த்திச் சொன்ன விதமே பல மாதம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நானே உட்கார்ந்து ஜோதிடம் படிக்கத் தொடங்கியபோதுதான், அந்த இரண்டு சொற்களில் பலன் என்று எதுவும் இன்னும் சொல்லப்படவில்லை என்பது புரிந்தது. அது ஒரு முகவரி, அவ்வளவுதான். அந்த முகவரியை எப்படிப் படிப்பது என்பதை, ஜோதிடம் அறவே தெரியாதவர்களை மனதில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

வானத்தில் இரண்டு புள்ளிகள்

செவ்வாயையும் குருவையும் இரவில் வெறும் கண்ணால் பார்க்கலாம். ராகுவையும் கேதுவையும் எந்தத் தொலைநோக்கி வைத்தும் பார்க்க முடியாது, ஏனென்றால் அங்கே பொருள் எதுவும் இல்லை. பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் ஒரு வருடத்தில் வானத்தைச் சுற்றி வரும் பாதை ஒன்று உண்டு. நிலாவுக்கும் அப்படி ஒரு பாதை உண்டு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கவில்லை. நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு வளையல்களை எடுத்து, ஒன்றைச் சற்றுச் சாய்த்து மற்றதோடு பொருத்திப் பாருங்கள். இரண்டே இடங்களில்தான் அவை வெட்டிக்கொள்ளும், அந்த இரண்டும் நேர் எதிரெதிரே இருக்கும். நிலா தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறும்போது சூரியனின் பாதையைக் கடக்கும் புள்ளி ராகு. வடக்கிலிருந்து தெற்கே இறங்கும்போது கடக்கும் புள்ளி கேது.

அமாவாசையோ பௌர்ணமியோ இந்தப் புள்ளிகளுக்கு அருகே நடந்தால்தான் கிரகணம் வரும். அதனால்தான் மாதாமாதம் கிரகணம் வருவதில்லை. 2025 செப்டம்பர் 7 அன்று முழு சந்திர கிரகணம் நடந்ததே, அன்று நிலா கும்ப ராசியில், ராகுவிலிருந்து சில பாகை தூரத்தில்தான் இருந்தது. கிரகணத்துக்குக் காரணம் நிழல்தான் என்பதை ஆரியபட்டர் கி.பி. 499லேயே எழுதிவிட்டார். 'சாயா கிரகம்', அதாவது நிழல் கிரகம் என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

இந்தப் புள்ளிகள் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. மற்ற கிரகங்கள் மேஷம், ரிஷபம், மிதுனம் என்று வரிசையாகப் போக, ராகுவும் கேதுவும் மீனம், கும்பம், மகரம் என்று பின்னோக்கி நகர்கின்றன. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 18.6 ஆண்டு ஆகும். கணக்குப் போட்டால் ஒரு ராசிக்கு ஒன்றரை ஆண்டு, ஒரு நட்சத்திரத்துக்கு எட்டு மாதம்.

இதுவரை சொன்னது வானவியல். யார் அளந்தாலும் அதேதான் வரும். இனி வருவது ஜோதிட மரபு அந்தப் புள்ளிகளைப் பொருள் கொண்ட விதம். இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொண்டால் குழப்பம் பாதி குறையும்.

தலையும் உடலும்

பாற்கடல் கடைந்த கதை தெரிந்திருக்கும். மோகினி தேவர்களுக்கு அமுதம் பரிமாறும்போது ஸ்வர்பானு என்ற அசுரன் தேவர் வேடத்தில் வரிசையில் உட்கார்ந்துவிட்டான். சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுத்தார்கள். திருமாலின் சக்கரம் அவனை இரண்டாக வெட்டியது. அமுதம் அதற்குள் தொண்டைக்கு வந்துவிட்டதால் இரண்டு துண்டும் சாகவில்லை. தலை ராகு ஆனது, உடல் கேது ஆனது.

எனக்கு இந்தக் கதை ஜோதிடத்துக்குள் நுழையும் வாசலாகவே இருந்தது. தலை மட்டும் இருந்து வயிறு இல்லாவிட்டால் என்ன ஆகும்? எவ்வளவு விழுங்கினாலும் பசி ஆறாது. ராகு அதுதான்: வேண்டும் வேண்டும் என்கிற ஆசை, இன்னும் போய்ப் பார்க்காத இடத்தின் மேல் ஈர்ப்பு, எல்லையைத் தாண்டிப் பார்க்கும் துணிச்சல். உடல் இருந்து தலை இல்லாவிட்டால்? அதற்குக் கண் இல்லை, நாக்கு இல்லை, ருசி இல்லை. பழகிய வேலையைக் கை தானாகச் செய்யும், ஆனால் அதில் மனம் ஒட்டாது. கேது அப்படி: ஏற்கெனவே தெரிந்தது, அலுத்துப்போனது, விட்டுவிடத் தயாரானது. ஜோதிடர்கள் ராகுவைப் போககாரகன் என்றும் கேதுவை ஞானகாரகன், மோட்சகாரகன் என்றும் சொல்வது இதைத்தான்.

மேற்கத்திய ஜோதிடத்திலும் இந்த இரண்டு புள்ளிகள் உண்டு. வடக்கு முனை, தெற்கு முனை என்பார்கள். பழைய காலத்தில் டிராகனின் தலை, டிராகனின் வால் என்றார்கள். அங்கே வடக்கு முனை இந்தப் பிறவியில் கற்றுக்கொள்ள வேண்டியது, தெற்கு முனை கையோடு கொண்டுவந்தது என்று படிக்கிறார்கள். சொல் வேறாக இருந்தாலும் நம் ராகு கேதுவிலிருந்து அது ரொம்ப தூரம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் ராசிச் சக்கரம் தொடங்கும் இடமும் நம்முடையதும் இன்று சுமார் 24 பாகை தள்ளியிருக்கின்றன. மேற்கத்திய ஆப்பில் மீனம் என்று வந்தது நம் கட்டத்தில் கும்பமாக இருக்கலாம். எதையாவது ஒன்றைப் பின்பற்றுங்கள்; இரண்டையும் பாதிப் பாதி எடுத்தால் ஒன்றும் தேறாது.

ராசி ஊருக்கே பொது, வீடு உங்களுக்கு

புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. "எனக்கு ராகு கும்பத்தில், என்ன பலன்?" என்று கேட்பார்கள். 1988ன் பிற்பாதியில் பிறந்த எல்லோருக்கும் ராகு கும்பத்தில்தான். 2007ல் பிறந்தவர்களுக்கும் அப்படியே, 2025ன் பிற்பாதியில் பிறந்த குழந்தைகளுக்கும் அப்படியே. ஒன்றரை ஆண்டுக்குள் பிறந்த அத்தனை பேருக்கும் பொதுவான ஒன்று உங்களைப் பற்றி மட்டும் தனியாக என்ன சொல்லிவிடும்?

உங்களுக்கே உரியது லக்னம். நீங்கள் பிறந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் உதித்துக்கொண்டிருந்த ராசி அது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு லக்னம் மாறும். அந்தக் கட்டத்தை ஒன்று என்று வைத்து எண்ணினால் மற்ற கட்டங்கள் இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று அமையும். ஒரே நாளில் பிறந்த குழந்தைகளில் மேஷ லக்னக்காரருக்குக் கும்ப ராகு பதினொன்றில், கடக லக்னக்காரருக்கு எட்டில், சிம்ம லக்னக்காரருக்கு ஏழில். ராகு நகரவே இல்லை, ஆனால் வாழ்க்கையின் எந்த அறைக்குள் அது உட்கார்ந்திருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறிவிட்டது. பிறந்த நேரம் சரியாகத் தெரியாவிட்டால் இந்தப் பகுதியையே நம்ப முடியாமல் போவதும் இதனால்தான்.

உங்கள் கட்டத்தை எடுத்து 'ல' என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் 'ரா' வரை எண்ணுங்கள். அப்புறம் 'ரா' இருக்கும் கட்டத்தையே ஒன்று என்று வைத்து ஏழு கட்டம் எண்ணினால் 'கே' இருக்கும். எந்த ஜாதகத்திலும் இது மாறாது.

இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்

ராகு இருக்கும் இடத்தை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவது பாதி வாக்கியத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடுவது போன்றது. வளையல் எடுத்துக்காட்டை நினைவில் வையுங்கள்: அவை இரண்டு கிரகங்கள் இல்லை, ஒரே கோட்டின் இரண்டு முனைகள். ஏழில் ராகு என்றால் லக்னத்தில் கேது என்றும் அர்த்தம். பசி எங்கே இருக்கிறது, அலுப்பு எங்கே இருக்கிறது என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

ஒன்றும் ஏழும் சேர்ந்த கோடு 'நான்', 'நீ' என்பதைப் பற்றியது. ராகு ஏழில் இருப்பவருக்குப் பிறர் மேல், துணை மேல், கூட்டாளி மேல் ஓர் ஈர்ப்பு இருக்கும் என்று மரபு சொல்கிறது. தன்னைப் பற்றி அவ்வளவாக அக்கறை இல்லை, ஏனென்றால் அங்கே கேது. எதிரே இருப்பவர் மூலமாகத்தான் தன்னையே கண்டுகொள்வார். துணை வேறு மொழி, வேறு ஊர், வேறு பழக்கவழக்கம் உள்ளவராக அமையலாம் என்பதும் ராகுவின் அந்நியத் தன்மையால் சொல்லப்படுவது. இதே கோடு திரும்பி, லக்னத்தில் ராகு, ஏழில் கேது என்று இருந்தால் கதை தலைகீழ். 'நான் யார்' என்ற கேள்வி பெரிதாக நிற்கும். உறவில் ஒரு விலகல், அல்லது எதையும் எதிர்பார்க்காத அமைதி இருக்கும். அந்த இரண்டில் எது என்பதைக் கேது மட்டும் முடிவு செய்வதில்லை.

இரண்டும் எட்டும் எனக்கு நெருக்கமான கோடு. இரண்டு பேச்சு, குடும்பம், கையிருப்பு. எட்டு மறைவானவை எல்லாம்: ரகசியம், திடீர் மாற்றம், பிறர் வழியாக வரும் பணம், ஆயுள். எட்டில் ராகு என்றதும் ஆயுளைப் பற்றித்தான் முதலில் பயம் வரும். ஆனால் ஆயுளைக் கணிக்க எட்டாம் அதிபதி (எட்டாம் வீடாக அமையும் ராசிக்குச் சொந்தக்கார கிரகம்), லக்னாதிபதி, சனி என்று பலவற்றைப் பார்க்கச் சொல்கின்றன நூல்கள். ராகு உட்கார்ந்திருப்பதை மட்டும் வைத்து யாரும் அதைச் சொல்லக் கூடாது. மறைந்திருப்பதைத் தோண்டிப் பார்க்கும் ஆசையாகவும் எட்டாம் ராகுவைப் படிக்கலாம். ஆராய்ச்சி, புலனாய்வு, மருத்துவம், ஏன் ஜோதிடமே எட்டாம் வீட்டு விஷயம்தான். என் இரண்டில் உள்ள கேதுவோ, பேச்சைச் சுருக்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது நான் ஏதாவது புத்தகத்தில் மூழ்கியிருப்பேன். இதை ஒரு சாபமாக நினைத்துக்கொண்டிருந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

நான்கும் பத்தும் வீடு, வெளியுலகம். பத்தில் ராகு தொழிலில் பேர் வாங்கத் துடிக்க வைக்கும். நான்கில் கேது வீட்டுக்குள் கால் தரிக்க விடாது. இதில் பலருடைய வாழ்க்கையை நேரடியாகப் பார்க்கலாம். ஐந்தும் பதினொன்றும் படைப்பு, பிள்ளைகள் ஒரு பக்கம், நட்பு வட்டமும் லாபமும் மறுபக்கம். மூன்று, ஒன்பது என்றால் சொந்த முயற்சிக்கும் முன்னோர் வழிக்கும் இடையே உள்ள இழுபறி. ஆறும் பன்னிரண்டும் போராட்டமும் ஓய்வும். மூன்று, ஆறு, பதினொன்று ஆகிய வீடுகளில் பாவ கிரகங்கள், அதாவது பொதுவாகக் கெடுபலன் தருபவை என்று சொல்லப்படும் கிரகங்கள், நன்மை செய்யும் என்ற பொது விதி ராகுவுக்கும் பொருந்தும். அங்கே ராகு இருந்தால் ஜோதிடர்களே சிரித்த முகத்தோடு சொல்வார்கள்.

வீடு கொடுத்தவன்

ராகுவுக்கும் கேதுவுக்கும் சொந்த வீடு கிடையாது. எங்கே உச்சம் (மிகுந்த பலம்), எங்கே நீசம் (பலம் குன்றிய நிலை) என்பதிலும் ஜோதிடர்களிடையே ஒத்த கருத்து இல்லை. தொடங்கும்போது அந்த விவாதத்துக்குள் போக வேண்டாம். எந்த ராசியில் இருக்கிறார்களோ அந்த ராசிநாதனைப் போலப் பலன் தருவார்கள் என்பதுதான் முக்கியமான விதி. அந்த ராசிநாதனை 'வீடு கொடுத்தவன்' என்பார்கள். கூட ஏதாவது கிரகம் இருந்தால் அதன் குணத்தையும் இழுத்துக்கொள்வார்கள். தனியாக இருந்தால் ராகு சனியைப் போலவும் கேது செவ்வாயைப் போலவும் நடப்பார்கள் என்பது பழைய வழக்கு.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்க்கலாம். 1988 அக்டோபர் நடுவில் பிறந்தவர், சிம்ம லக்னம் என்று வைத்துக்கொள்வோம். ராகு கும்பத்தில் சுமார் 18 பாகையில், அதாவது ஏழாம் வீட்டில், சதய நட்சத்திரத்தில். கேது லக்னத்தில், பூர நட்சத்திரத்தில். பயமுறுத்த வேண்டுமென்றால் இந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். நிறுத்தாமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: கும்பத்தின் வீட்டுக்காரர் யார்? சனி. அவர் அன்று எங்கே? தனுசில். சிம்மத்திலிருந்து எண்ணினால் அது ஐந்தாம் வீடு; திரிகோணம் என்று சொல்லப்படும் நல்ல வீடுகளில் ஒன்று. அதோடு சனி தான் இருக்கும் இடத்திலிருந்து எண்ணி மூன்று, ஏழு, பத்தாம் இடங்களைப் பார்ப்பார் என்பது ஜோதிட விதி. தனுசிலிருந்து மூன்றாவது கும்பம். தன் வீட்டைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டைத் தன் கண்பார்வையிலேயே வைத்திருக்கும் உரிமையாளர் இருக்கும்போது குடியிருக்க வந்தவர் என்ன செய்துவிட முடியும்? போதாததற்குச் சதயம் ராகுவின் சொந்த நட்சத்திரம்.

சனி சிம்ம லக்னத்துக்கு ஆறாம் அதிபதியும் ஆவார், அதனால் உரசல் அறவே இருக்காது என்று சொல்ல மாட்டேன். திருமணம் தாமதமாகலாம், பொறுப்பான, கொஞ்சம் கண்டிப்பான துணை அமையலாம் என்று படிக்க இடம் இருக்கிறது. ஆனால் 'ஏழில் ராகு, முடிந்தது கதை' என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். ஏழாம் வீட்டைப் பற்றி முழுதாகச் சொல்ல இன்னும் சுக்கிரனைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சக் கட்டத்தைப் பார்க்க வேண்டும்.

தோஷம் என்ற சொல்

லக்னம், இரண்டு, ஏழு, எட்டு இவற்றில் ராகுவோ கேதுவோ இருந்தால் சர்ப்ப தோஷம் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. சிலர் ஐந்தையும் சேர்ப்பார்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ராகு இருக்கக்கூடிய வீடுகள் பன்னிரண்டு. ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு என நான்கில் எதில் ராகு இருந்தாலும் கேதுவும் அந்த நான்குக்குள்தான் இருக்கும். பன்னிரண்டில் நான்கு என்றால், ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவருக்கு இந்தத் தோஷம் உண்டு. ஐந்தையும் சேர்த்தால் ராகு ஐந்தில் இருப்பவர்களும், கேது ஐந்தில் இருப்பதால் ராகு பதினொன்றில் இருப்பவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். பாதிப் பேர்!

சூரியனோ சந்திரனோ ராகு கேதுவோடு ஒரே ராசியில் இருந்தால் கிரகண தோஷம் என்பதும் அப்படியே. சூரியன் வருடத்தில் ஒரு மாதம் ராகு இருக்கும் ராசியில், இன்னொரு மாதம் கேது இருக்கும் ராசியில் இருந்தே தீரும். ஆறில் ஒருவருக்குச் சூரியனால் மட்டுமே இந்தப் பெயர் வந்துவிடும். உண்மையில் எத்தனை பாகை நெருக்கத்தில் இருக்கின்றன என்று பார்க்காமல் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை.

மனிதர்களில் பாதிப் பேருக்கு இருக்கும் ஒன்றைக் காட்டி ஒரு பெண்ணையோ பையனையோ தள்ளி வைப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம். தோஷம் என்று எழுதியிருந்தால் இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கேட்டுப் பரிகாரம் சொல்பவர் வீடு கொடுத்தவனைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

எல்லைக்கு அருகே இருந்தால்

இரண்டு ஆப்பில் போட்டால் ராகு இரண்டு ராசியில் வருகிறதே என்று சிலர் கேட்பார்கள். முனைகளைக் கணக்கிட இரண்டு முறை உண்டு. சராசரி ராகு சீராகப் பின்னோக்கிப் போகும். உண்மை ராகு நிலாவின் சிறு அசைவுகளையும் சேர்த்துக் கணக்கிடுவது; சில நாள் முன்னோக்கிக்கூட நகரும். இரண்டுக்கும் ஒன்றரைப் பாகை அளவுக்கு வேறுபாடு வரலாம். பழைய வாய்ப்பாடுகளின்படி போடும் வாக்கியப் பஞ்சாங்கம், இன்றைய வானியல் கணக்கின்படி போடும் திருக்கணிதப் பஞ்சாங்கம் என்ற வேறுபாடு இன்னொன்று. 2025ல் ராகு கும்பத்துக்குப் பெயர்ந்தது வாக்கியப்படி ஏப்ரல் 26, திருக்கணிதப்படி மே 18. இடைப்பட்ட நாட்களில் பிறந்த குழந்தைக்கு ராகு எங்கே என்பது பஞ்சாங்கத்தைப் பொறுத்தது. உங்கள் ராகு ராசியின் முதல் பாகையிலோ கடைசிப் பாகையிலோ இருந்தால், ஒரே முறையில் ஜாதகம் முழுவதையும் கணித்துக்கொள்ளுங்கள்.

எப்போது பேசும்

இருப்பிடம் தெரிந்தாலும் அது எப்போது பலன் தரும் என்பது தசையை, அதாவது ஒவ்வொரு கிரகத்தின் கையிலும் வாழ்க்கை இருக்கும் காலப்பகுதியைப் பொறுத்தது. ராகு தசை 18 ஆண்டு, கேது தசை 7 ஆண்டு. எது எப்போது வரும் என்பதைப் பிறந்தபோது நிலா இருந்த நட்சத்திரம் முடிவு செய்கிறது. திருவாதிரை, சுவாதி, சதயம் என்றால் பிறக்கும்போதே ராகு தசை. அசுவினி, மகம், மூலம் என்றால் கேது தசை. விவரம் தெரியாத வயதிலேயே அதில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

அதே 1988 அக்டோபர், அதே சிம்ம லக்னம், அதே ஏழாம் ராகு என்று இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ரோகிணி. சந்திர தசையில் பிறந்து, செவ்வாய் தசை ஏழு ஆண்டும் முடித்து, ஏழு வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடையே ராகு தசைக்குள் நுழைவார். அது முடியும்போது இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்துக்குள் இருப்பார். படிப்பு, முதல் வேலை, ஒருவேளை திருமணமும் ராகுவின் கையில்தான். இன்னொருவர் சில நாட்கள் முன்னே பின்னே பிறந்த அனுஷக்காரர். சனி, புதன், கேது, சுக்கிரன், சூரியன், சந்திரன், செவ்வாய் என்று எல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்கு ராகு தசை. சீக்கிரம் என்றாலும் அறுபத்தேழு வயதாகும், தாமதம் என்றால் எண்பத்தாறு. அதுவரை அவர் ராகுவைப் பார்ப்பதெல்லாம் மற்ற தசைகளுக்குள் சிறு உட்பிரிவுகளாக வந்து போகும் ராகு புத்திகளில்தான். சுக்கிர தசையின் இருபது ஆண்டுகளில்கூட ராகு புத்திக்குக் கிடைப்பது மூன்றே ஆண்டு.